ஸ்கிம்மர் சொல்வதற்கு முன் டேப்பை எடுங்கள்

கடல்மீன் தொட்டி அமைத்துக் கொடுக்கும் தொழிலுக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் நன்னீர்த் தொட்டி வேலையிலிருந்துதான் வருகிறார்கள். சென்னை கொளத்தூரின் வண்ணமீன் கடை ஒன்றில் சில வருடம் நின்று, கப்பி, கோல்டு ஃபிஷ், ஆஸ்கர் எல்லாம் பழகி, ஃபில்டர் மாட்டக் கற்றுக்கொண்ட பிறகு, ஒருநாள் பழைய வாடிக்கையாளர் ஒருவர் “நீமோ மீன் வைக்கணும் தம்பி, செஞ்சு தர்றியா?” என்று கேட்பார். கண்ணாடி, ஸ்டாண்ட், லைட், பம்ப் வரைக்கும் பழைய அனுபவம் கைகொடுக்கும். புரோட்டீன் ஸ்கிம்மர் என்ற இடத்தில்தான் முதல்முறை தடுமாற்றம் வரும். வீட்டு நன்னீர்த் தொட்டியில் இந்தக் கருவிக்கு வேலை கிடையாது என்பதால் தொட்டுப் பழகியிருக்க வாய்ப்பில்லை.

மொத்த மதிப்பீட்டில் பெரிய தொகைகளில் இதுவும் ஒன்று. உப்புத்தண்ணீர் பட்டுவிட்ட கருவியை எந்தக் கடைக்காரரும் திரும்ப எடுக்கமாட்டார். தவறாகச் சொன்னால் அந்தத் தவறு கேபினட்டுக்குள் இரவும் பகலும் சத்தம் போட்டுக்கொண்டே இருக்கும். அதனால் இந்த ஒரு முடிவை எப்படி எடுப்பது என்று மட்டும் இங்கே பார்க்கலாம். என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெட்டியில் அச்சடித்த லிட்டர் கணக்கைக் கடைசியில் பாருங்கள். கேபினட்டின் உள்ளளவு, அந்த வீட்டில் மீனுக்கு உணவு போடும் கை, கழிவு சேரும் கப்பைக் கழுவப்போகும் ஆள் ஆகிய மூன்றையும் முதலில் பாருங்கள்.

இரண்டு நிமிட விளக்கம்

“இது என்ன தம்பி பண்ணும்?” என்று கேட்கும்போது கம்பெனி விளம்பரத்தை ஒப்பிக்காதீர்கள். மீனின் கழிவு, தின்னாமல் மிஞ்சிய உணவு, பாசி, சளி எல்லாவற்றிலிருந்தும் புரதம், கொழுப்பு போன்ற கரிமப் பொருள்கள் தண்ணீரில் கரைகின்றன. இவற்றில் பல மூலக்கூறுகளுக்கு ஒரு முனை தண்ணீரை நாடும், மறுமுனை தண்ணீரை விட்டு விலகும். காற்றும் தண்ணீரும் சந்திக்கும் பரப்பு கிடைத்தால் அங்கே போய் ஒட்டிக்கொள்ளும். ஸ்கிம்மர் செய்வது, லட்சக்கணக்கான நுண்குமிழிகளை உண்டாக்கி அந்தப் பரப்பைப் பெருக்கித் தருவதுதான். அழுக்கு ஒட்டிய குமிழிகள் மேலேறி, கழுத்துப் பகுதியில் நெருங்கி நுரையாகும். நுரையிலிருந்து தண்ணீர் வடிய, கெட்டியான பழுப்புக் கழிவு கப்பில் விழும்.

உப்புத்தண்ணீரில் சிறு குமிழிகள் ஒன்றோடொன்று சேர்ந்து பெரிதாவது குறைவு. நன்னீரில் உடனே சேர்ந்துவிடும். வீட்டு நன்னீர்த் தொட்டியில் இது எடுபடாததற்குக் காரணம் அதுதான். சென்னைக்காரர்களுக்கு உதாரணம் தேட வேண்டியதில்லை. 2019 இறுதியில் மழைக்குப் பிறகு பட்டினப்பாக்கம் கடற்கரையில் வெண்ணுரை குவியலாக ஒதுங்கியது, குழந்தைகள் அதில் இறங்கி விளையாடிய படங்கள் எல்லா நாளிதழ்களிலும் வந்தன. கழிவுநீரில் கலந்து வந்ததை அலை அடித்துக் காற்றோடு கலக்கியதில் வந்த நுரை அது. அதே வேலையை ஒரு அக்ரிலிக் குழாய்க்குள் வேண்டுமென்றே செய்வது ஸ்கிம்மர்.

இது செய்யாததையும் சொல்லிவிடுங்கள். ஏற்கெனவே நைட்ரேட்டாகவும் பாஸ்பேட்டாகவும் மாறிவிட்டதை ஸ்கிம்மர் எடுக்காது. அழுகி அப்படி மாறுவதற்கு முன்பே பொருளை வெளியேற்றும், அவ்வளவுதான். அதோடு தண்ணீருக்கு ஆக்சிஜன் ஏற்றும். உண்மையில் இந்த இரண்டாவது பயன்தான் நம் ஊர் வெயிலுக்குப் பெரிது. சூடான தண்ணீரில் ஆக்சிஜன் குறைவாகத்தான் கரையும், உப்புத்தண்ணீரில் இன்னும் குறைவு.

அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தின் வேதியியல் பேராசிரியர் கென் ஃபெல்ட்மேன் 2009, 2010 ஆண்டுகளில் பல வகை ஸ்கிம்மர்களை ஆய்வுமுறையில் அளந்து பார்த்தார். தண்ணீரில் அளக்கமுடிந்த மொத்தக் கரிமக் கார்பனில் ஏறத்தாழ 20 முதல் 35 சதவீதம் வரைதான் எடுபட்டது. மீதியை நுரை தொடவேயில்லை. கருவிக்குக் கருவி மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசத்தையும் அவர் காணவில்லை. ஜெர்மன் கருவியா சீனக் கருவியா என்று வாடிக்கையாளர் ராத்திரி முழுக்க வீடியோ பார்த்துக் குழம்பியிருந்தால் இந்தத் தகவலைச் சொல்லுங்கள். விலை கூடும்போது கூடுவது பெரும்பாலும் அமைதி, பம்பின் ஆயுள், கழற்றி மாட்டும் வசதி. இவற்றுக்குக் காசு கொடுக்கலாம், தப்பில்லை. தண்ணீர் இரு மடங்கு சுத்தமாகும் என்று நம்பிக் கொடுக்கக்கூடாது.

வேண்டாம் என்று சொல்லத் தெரிய வேண்டும்

எல்லா வீட்டுக்கும் ஸ்கிம்மர் தேவையில்லை. 2 அடி நீளம், 1 அடி அகலம், 1 அடி உயரத் தொட்டியில் சுமார் 57 லிட்டர் தண்ணீர் பிடிக்கும். அதில் ஒரு ஜோடி கோமாளி மீனும் நாலு கல்லும் இருந்தால் வாரம் 10 லிட்டர் மாற்றுவதே போதும். அந்த அளவுக்கு வரும் குட்டி ஸ்கிம்மர்களில் பல, சத்தம் போடும் அளவுக்கு வேலை செய்வதில்லை. அந்தப் பணத்துக்கு நல்ல சால்ட் மிக்ஸும், உப்பின் அளவு பார்க்க ஒரு ரிஃப்ராக்டோமீட்டரும் வாங்கித் தாருங்கள். 35 பிபிடி உப்பை ஏற்ற இறக்கமில்லாமல் வைத்திருக்கும் சின்னத் தொட்டி, கண்டபடி உணவு கொட்டப்படும் பெரிய தொட்டியைவிட நன்றாக இருக்கும். தவிர, இன்று தேவையில்லை என்று சொன்ன ஆளைத்தான் நாளைக்கு 4 அடி தொட்டி போடும்போது கூப்பிடுவார்கள்.

மறுபக்கம், லயன் ஃபிஷ், ட்ரிகர், குரூப்பர் போன்ற இறைச்சி தின்னும் மீன்களை வைக்கப்போகிறவரிடம் பேச்சுக்கே இடமில்லை. ஸ்கிம்மர் இல்லாமல் அந்தத் தொட்டியைப் பராமரிக்க ஒப்புக்கொள்ளாதீர்கள். நைட்ரேட்டைக் குறைக்க வினிகரோ வோட்காவோ சொட்டுவிடும் முறையைக் கையாளப் போகிறவர்களுக்கும் அப்படியே. அந்த முறையில் பெருகும் பாக்டீரியாவை வெளியேற்றவும், அது இழுக்கும் ஆக்சிஜனை ஈடுகட்டவும் நல்ல ஸ்கிம்மர் ஓடிக்கொண்டிருக்க வேண்டும்.

கேபினட் கதவைத் திறந்து

முதல் நாள் போகும்போது பையில் டேப், டார்ச், ஒரு நோட்டு. ஹாலில் தொட்டி எவ்வளவு அழகாக இருக்கிறது என்பதை அப்புறம் ரசிக்கலாம். கீழே குனியுங்கள்.

சம்ப், அதாவது தொட்டிக்குக் கீழே கேபினட்டுக்குள் தடுப்பு அறைகளோடு நிற்கும் துணைத் தொட்டி, இருக்கிறதா என்பது முதல் கேள்வி. இருந்தால், எந்த அறையில் ஸ்கிம்மர் நிற்கப்போகிறது என்று பாருங்கள். நீளம், அகலம், உயரம் மூன்றையும் அளந்து எழுதுங்கள். அளக்கும்போது கண்ணாடியின் வெளிப்பக்கத்தை அளப்பது பலரும் செய்யும் தவறு. உள்பக்கத்தை அளக்க வேண்டும், மேல்விளிம்பில் ஒட்டியிருக்கும் கண்ணாடிப் பட்டை எவ்வளவு அடைக்கிறது என்பதையும் சேர்த்து. ஸ்கிம்மர் மேலிருந்துதான் உள்ளே இறங்க வேண்டும். அந்தப் பட்டை 3 செ.மீ மறைத்தால் கருவியை நேராக இறக்க முடியாது.

அடுத்து கேபினட்டின் உயரம். 300 முதல் 450 லிட்டர் தொட்டிகளுக்கு வரும் சம்ப் மாடல்கள் பெரும்பாலும் 45 முதல் 55 செ.மீ உயரம் இருக்கும். அந்த உயரம் கேபினட்டுக்குள் அடங்கினால் போதாது. கப்பை மேலே தூக்கிக் கழற்ற இன்னும் 8 முதல் 10 செ.மீ இடம் வேண்டும். கழற்ற முடியாத கப்பை யாரும் கழுவமாட்டார்கள், கழுவாத ஸ்கிம்மர் வெறும் குமிழி விளக்குதான். கேபினட் நடுவில் குறுக்குச் சட்டம் இருந்தால் அது சரியாகக் கப்புக்கு மேலேதான் வரும். ஏன் என்று கேட்காதீர்கள், தச்சர்களுக்கும் ஸ்கிம்மருக்கும் ஜாதகப் பொருத்தம் கிடையாது.

பிறகு தண்ணீரின் ஆழம். பெரும்பாலான சம்ப் மாடல்கள் 15 முதல் 25 செ.மீ ஆழத்தில் நிற்பதற்காக வடிவமைக்கப்பட்டவை. மாடலுக்கு மாடல் மாறும் என்பதால் கையேட்டைப் பாருங்கள். அந்த அறையில் ஆழம் மாறாமல் இருப்பது மிக முக்கியம். தடுப்புக் கண்ணாடி தாண்டி வழியும் அறையில் மட்டம் நிலையாக இருக்கும். தண்ணீரை மேலே தொட்டிக்குத் திருப்பி அனுப்பும் ரிட்டர்ன் பம்ப் இருக்கும் கடைசி அறையில் தண்ணீர் ஆவியாக ஆவியாக மட்டம் இறங்கும். அங்கே ஸ்கிம்மரை வைத்தால் காலையில் ஒரு விதமாகவும் மாலையில் இன்னொரு விதமாகவும் நுரைக்கும், உங்களுக்கு போன் வந்துகொண்டே இருக்கும். ஆழம் அதிகமாக இருந்தால் அக்ரிலிக் ஸ்டாண்ட் செய்து உயர்த்தலாம். ஆழம் குறைவாக இருந்தால் தடுப்பின் உயரத்தைக் கூட்ட வேண்டும், அது பெரிய வேலை. செங்கல் வைத்து உயர்த்துகிற பழக்கத்தைக் கொளத்தூரிலேயே விட்டுவிட்டு வாருங்கள்.

சம்ப் இல்லாத வீடுதான் சிக்கல். அடுக்குமாடிக் குடியிருப்புகளில் 3 அடி தொட்டியைச் சுவரோடு ஒட்டி வைத்திருப்பார்கள். பின்பக்கம் தொங்கவிடும் மாடல் போடச் சுவருக்கும் கண்ணாடிக்கும் நடுவே நல்ல இடைவெளி வேண்டும், நிரம்பிய தொட்டியை நகர்த்த முடியாது. தொங்கும் மாடலில் இன்னொரு கவலை: ஏதாவது அடைத்துப் பொங்கினால் தண்ணீர் தொட்டிக்கு வெளியே, நேராக மரத் தரையில். அதனால் சம்ப் இல்லாத இடத்தில், இடம் கொஞ்சம் அடைத்தாலும், தொட்டிக்குள்ளேயே காந்தத்தில் ஒட்டி நிற்கும் மாடல்களைத்தான் நான் முதலில் சொல்வேன். ஜெர்மனியின் டுன்ஸே இந்த வகையில் நெடுநாளாகப் பெயர் பெற்றது. பொங்கினாலும் அது தொட்டிக்குள்ளேயே பொங்கும். பார்க்க அழகில்லை என்று வீட்டம்மா சொல்வார். அவர் சொல்வதும் சரிதான். பின்னால் கறுப்பு பேக்கிங் ஒட்டி, ஒரு கல்லை முன்னால் நிறுத்திச் சமாளியுங்கள்.

லிட்டர் கணக்கும் உணவுக் கணக்கும்

இப்போது பெட்டியைப் பார்க்கலாம். தொட்டியை அடிக்கணக்கில் அளந்தால் நீளம், அகலம், உயரம் மூன்றையும் பெருக்கி 28.3-ஆல் பெருக்குங்கள், லிட்டர் வந்துவிடும். 4 அடிக்கு 2 அடிக்கு 2 அடி என்றால் 16 கன அடி, ஏறத்தாழ 453 லிட்டர். கல்லும் மணலும் அடைப்பதைக் கழித்து, சம்பில் இருப்பதைக் கூட்டினால் அநேகமாக அதே எண்ணுக்குத் திரும்ப வருவீர்கள். 450 என்று வைத்துக்கொள்வோம்.

கம்பெனிகள் ஒரே கருவிக்கு மூன்று எண் தருவதுண்டு: மீன் குறைவு என்றால் இவ்வளவு லிட்டர், நடுத்தரம் என்றால் இவ்வளவு, நெருக்கடி என்றால் இவ்வளவு. பெட்டியின் முகப்பில் பெரிய எழுத்தில் இருப்பது எப்போதும் முதல் எண். நீங்கள் பார்க்க வேண்டியது மூன்றாவது எண். நம் வீடுகளில் மீனுக்கு யாரும் குறைவாக உணவு போடுவதில்லை. காலையில் அப்பா, மத்தியானம் பாட்டி, பள்ளி விட்டு வந்ததும் பிள்ளை, இரவில் விருந்தாளிக்குக் காட்ட இன்னொரு பிடி. கேட்டால் எல்லோரும் “ஒரு வேளைதான்” என்பார்கள். அதனால் நெருக்கடிக் கணக்கில் 450 லிட்டரோ அதற்குச் சற்று மேலோ தாங்கும் மாடலைத் தேர்ந்தெடுங்கள். உணவைத் தானே அளந்து போடும், மீன் குறைவாக வைத்திருக்கும் பழகிய கை என்று தெரிந்தால் நடுத்தர எண் போதும்.

இதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். வாடிக்கையாளர் நிச்சயம் கேட்பார்: “ஆயிரம் லிட்டர் மாடல் ஆஃபர்ல வருது தம்பி, அதையே போட்டுட்டா இன்னும் சுத்தமா இருக்குமே?”

“இருக்காது சார். அந்தக் கழுத்து அகலத்துக்கு நுரை எழும்புற அளவு அழுக்கு உங்க தொட்டில கிடையாது. நுரை பாதில உடைஞ்சு திரும்ப தண்ணிலயே விழும்.”

பெரிய ஸ்கிம்மரின் உடலும் கழுத்தும் அகலமானவை. அழுக்குக் குறைவாக இருந்தால் நுரை கெட்டிப்பட்டு ஏறாமல் நடுவழியில் கலையும். இரண்டு நாள் ஒன்றும் வராமல், மூன்றாம் நாள் கொஞ்சம் தள்ளும். அதிகக் காசு கொடுத்துக் குறைந்த வேலை வாங்குவது இது. ஒரு படி பெரிதாக எடுப்பது பாதுகாப்பு, மூன்று படி பெரிதாக எடுப்பது வீண்.

எந்த முறை என்பதில் இன்று அதிகம் யோசிக்க ஒன்றுமில்லை. மரக்கட்டைக் காற்றுக்கல்லும் ஏர் பம்பும் வைத்த பழைய வகை இன்னும் நன்றாகவே வேலை செய்யும், ஆனால் கட்டையை அடிக்கடி மாற்ற வேண்டும். வீடுகளுக்கு இப்போது விற்பதில் பெரும்பாலானவை ஊசிச்சக்கர வகை: இம்பெல்லரில் நூற்றுக்கணக்கான சிறு முள்கள் இருக்கும், உறிஞ்சிய காற்றை அவை வெட்டி நுண்குமிழியாக்கும். பபுள் மேகஸ், ரீஃப் ஆக்டோபஸ், ரெட் ஸீ, நியோஸ் எல்லாமே இந்த வழிதான்.

பிளக் பாயின்ட்டில் நிற்கும் கேள்விகள்

வெளிநாட்டிலிருந்து உறவினர் கொண்டுவந்த ஸ்கிம்மர் என்று ஒன்றைப் பெட்டியோடு நீட்டுவார்கள். அமெரிக்காவிலிருந்து வந்தது என்றால் முதலில் பம்பின் லேபிளைப் படியுங்கள். 110 வோல்ட், 60 ஹெர்ட்ஸ் என்று இருந்தால் நம் 230 வோல்ட்டில் செருகினால் எரிந்துவிடும். டிரான்ஸ்ஃபார்மர் போட்டு வோல்ட்டைக் குறைத்தாலும் ஹெர்ட்ஸ் மாறாது. இந்தச் சாதாரண ஏசி பம்புகளின் வேகம் மின்சாரத்தின் ஹெர்ட்ஸைப் பொறுத்தது. 60-க்குச் செய்தது 50-ல் ஓடினால் வேகத்தில் ஆறில் ஒரு பங்கு போய்விடும், காற்றும் குறையும், நுரையும் குறையும். மனம் நோகாமல் எடுத்துச்சொல்லி, அதே உடலுக்குப் பொருந்தும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் பம்ப் கிடைக்குமா என்று தேடுங்கள். அடாப்டரில் ஓடும் டிசி பம்ப் என்றால் இந்தத் தொல்லை இல்லை. அடாப்டர் 100 முதல் 240 வோல்ட் வரை ஏற்கும் என்று எழுதியிருந்தால் போதும்.

டிசி பம்பின் வேகத்தைக் கூட்டலாம், குறைக்கலாம், சத்தமும் குறைவு. படுக்கையறைக்குப் பக்கத்தில் தொட்டி என்றால் டிசிதான் என் விருப்பம். ஆனால் மின்னழுத்தம் ஏறி இறங்கும் பகுதிகளில் அதன் கன்ட்ரோலர் முதலில் போகும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை லைட் மினுக்கும் வீட்டில் முரட்டு ஏசி பம்பே மேல்.

கரன்ட் பில்லையும் எழுதிக் காட்டுங்கள், இதை யாரும் செய்வதில்லை. 25 வாட் பம்ப் இரவும் பகலும் ஓடினால் நம் இரண்டு மாதக் கணக்கில் 36 யூனிட். 40 வாட் என்றால் 57.6 யூனிட். அதோடு பம்ப் தண்ணீருக்குள் நிற்பதால் அந்த வாட் ஏறக்குறைய முழுவதும் சூடாகத் தொட்டிக்குள்தான் போகிறது. மே மாதத்தில் அதை வெளியேற்றத் தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் கூடுதலாக ஓடும். ஆயிரம் லிட்டர் மாடல் கேட்டவர் பெரும்பாலும் இந்த இடத்தில் அமைதியாகிவிடுவார்.

மின்தடையை நினைக்காமல் மாட்டிவிட்டு வராதீர்கள். கரன்ட் போனால் தொட்டியின் மேல்மட்டத் தண்ணீர் சம்புக்கு இறங்கும், ஸ்கிம்மர் நிற்கும் அறையிலும் மட்டம் ஏறும். அந்த நேரத்தில் ரிட்டர்ன் பம்ப் நின்று, ஸ்கிம்மர் மட்டும் இன்வெர்ட்டரில் ஓடினால் கப் நிமிடத்தில் நிரம்பி வழியும். இரண்டையும் ஒரே இணைப்பில் வையுங்கள். கரன்ட் வந்ததும் ஸ்கிம்மர் சில நிமிடம் கழித்துத் தொடங்கும்படி தாமத ஸ்விட்ச் போட்டால் இன்னும் நல்லது. இன்வெர்ட்டரில் எதையாவது போட வேண்டும் என்றால் அலைவீசும் பவர்ஹெட்டைப் போடுங்கள். மீன் மூச்சுவிட அது போதும்.

கொசுவர்த்தி, ஏசி, சாம்பிராணி

வெளிநாட்டுக் கையேடுகளில் இல்லாத பகுதி இது. ஸ்கிம்மர் மணிக்கு நூற்றுக்கணக்கான லிட்டர் காற்றை உறிஞ்சித் தண்ணீரில் கலக்கிறது. அந்த அறைக் காற்றில் என்ன இருக்கிறதோ அது தண்ணீருக்குப் போகும். கொசு விரட்டிகளிலும் கரப்பான் ஸ்ப்ரேக்களிலும் பரவலாக இருப்பது பைரித்ராய்டு வகை மருந்து. மனிதனுக்குப் பெரிதாக ஒன்றும் செய்யாத அளவே மீனையும் இறாலையும் நண்டையும் சாய்த்துவிடும். தொட்டி இருக்கும் அறையில் ஸ்ப்ரே அடிக்கக்கூடாது என்று ஒப்படைக்கும்போதே எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். பூச்சி மருந்து அடிக்க ஆள் வரும் அன்று உங்களுக்கு முன்கூட்டியே சொல்லச் சொல்லுங்கள். வெள்ளிக்கிழமை சாம்பிராணிப் புகையையும் தொட்டிப் பக்கம் காட்ட வேண்டாம் என்று பாட்டியிடம் பக்குவமாகச் சொல்ல வேண்டியதும் உங்கள் வேலைதான். பெயின்ட் அடிக்கும் நாளில் ஸ்கிம்மரின் காற்றை மூடிவிடுங்கள்.

ஏசி அறையின் சிக்கல் வேறு. எல்லா ஜன்னலும் சாத்திய அறையில் நாலு பேர் தூங்கினால் கார்பன் டை ஆக்சைடு ஏறும். ஸ்கிம்மர் அதையும் தண்ணீருக்குள் தள்ளும், பிஎச் இறங்கும். எத்தனை பஃபர் ஊற்றினாலும் காலையில் பிஎச் 7.8-ஐத் தாண்டாத தொட்டிகளில் முதலில் நான் பார்ப்பது ஜன்னலைத்தான். ஏர் டியூபை நீட்டி, சுவரில் சின்னத் துளை வழியே வெளிக்காற்றை எடுக்கச் செய்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். வெளிமுனையில் வலை கட்டுங்கள், எறும்பு ஏறும். அந்தத் துளை தெருவில் கொசு மருந்துப் புகை அடிக்கும் பக்கம் இருக்கக்கூடாது.

ஒப்படைக்கும் நாளில்

புது ஸ்கிம்மர் முதல் ஒன்றிரண்டு வாரம் ஒழுங்காக நடந்துகொள்ளாது. தயாரிப்பின்போது உள்சுவரில் ஒட்டிய எண்ணெய்ப்பசை போக வேண்டும், சுவரில் பாக்டீரியாப் படலம் படிய வேண்டும். வினிகர் கலந்த தண்ணீரில் சில மணிநேரம் ஓடவிட்டுக் கழுவினால் இந்தக் காலம் குறையும். மீன் விடாத புதுத் தொட்டியில் நுரையே வராமலும் இருக்கலாம், எடுக்க அழுக்கு இல்லையே. இதை அன்றே வாயால் சொல்லி, வாட்ஸ்அப்பிலும் அனுப்பிவையுங்கள். இல்லாவிட்டால் ஐந்தாம் நாள் “வாங்கிக் கொடுத்த மெஷின் ஓடல” என்று வரும்.

உணவு போட்டபின் நுரை அடங்கிவிடுவது இயல்பு, உணவின் எண்ணெய் காரணம். சில மணிநேரத்தில் திரும்பும். கல் ஒட்டும் எபாக்சி, சில மருந்துகள், கற்றாழை கலந்த வாட்டர் கண்டிஷனர் ஆகியவை எதிர்மாறாகப் பொங்கவைக்கும். அன்று கப்பைக் கழற்றிவிட்டுக் காற்று மட்டும் போகவிடுங்கள். கப்பைப் பாத்திரம் தேய்க்கும் சோப்பில் கழுவவே கூடாது, வெந்நீரும் ஒரு பழைய பிரஷ்ஷும் போதும். எங்கே கழுவுவது என்பதும் முக்கியம். அந்தக் கழிவின் நாற்றத்தைச் சமையலறை சிங்க்கில் ஒருமுறை விட்டால் மறுமாதம் தொட்டியே வீட்டை விட்டுப் போய்விடும்.

கப்பை யார் கழுவுவார் என்ற கேள்விக்கு வருவோம். கழுத்தை இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை துடைத்தால் நுரை நன்றாக ஏறும். நீங்கள் பதினைந்து நாளுக்கு ஒருமுறைதான் வருவீர்கள் என்றால் நடுவில் வீட்டில் ஒருவர் செய்ய வேண்டும். அவருடைய கையில் கொடுத்து ஒருமுறை கழற்றி மாட்டச் சொல்லுங்கள். திருகிக் கழற்றும் கப்பா, நேராகத் தூக்கும் கப்பா என்பது அங்கேதான் புரியும். அறுபது வயதுக்காரரின் கைக்கு இறுக்கமான திருகு ஒத்துவராது. யாரும் செய்யமாட்டார்கள் என்று தெரிந்தால் கப்பின் அடியில் வடிகுழாய் உள்ள மாடலை எடுத்து, மூடிய கேன் ஒன்றில் விடுங்கள். கேன் நிரம்பினால் காற்றை நிறுத்தும் மிதவை இருந்தால் நிம்மதி.

பராமரிப்பு ஒப்பந்தத்தில் ஸ்கிம்மர் வேலையைத் தனி வரியாக எழுதுங்கள்: ஒவ்வொரு வருகையிலும் கழுத்து, கப், ஏர் டியூபில் வெந்நீர் விட்டு உப்படைப்பு நீக்குதல், மூன்று மாதத்துக்கு ஒருமுறை பம்பைப் பிரித்து வினிகரிலோ சிட்ரிக் அமிலத்திலோ ஊறவைத்தல். இம்பெல்லர் உடைந்தால் யார் செலவு என்பதையும் எழுதுங்கள். மதிப்பீடு தரும்போது “முழு செட்” என்று ஒரே தொகை போட்டு ஸ்கிம்மரை அதற்குள் ஒளிக்காதீர்கள். மாடல் பெயர், வாட், உயரம், காரணம் ஆகியவற்றோடு தனியாக எழுதுங்கள். இரண்டு மாடலுக்கு மேல் எழுத வேண்டாம், ஏழு மாடல் எழுதினால் முடிவெடுக்கும் பாரத்தை வாடிக்கையாளர் தலையில் வைத்ததாகிவிடும்.

இடையில் ஒரு எச்சரிக்கை. நல்ல ஸ்கிம்மர் வந்துவிட்டது, இனி பவளமும் கடல்குதிரையும் வைக்கலாமே என்று அடுத்த கேள்வி வரும். பாறையாய் வளரும் பவளங்களும் கடல்குதிரைகளும் 2001 முதல் 1972-ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் பாதுகாக்கப்பட்டவை. மன்னார் வளைகுடாவிலிருந்து “லைவ் ராக்” என்று ஒருவர் மூட்டையில் கொண்டுவருவது பெரும்பாலும் பவளக்கல்தான். அதைத் தொட்டு உங்கள் தொழிலை இழக்காதீர்கள். மண்டபத்தில் உள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவன மையமும், பரங்கிப்பேட்டையில் உள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகக் கடல் உயிரியல் மையமும் கோமாளி மீன்களைக் குஞ்சுபொரிப்பகத்தில் வளர்த்துக் காட்டியிருக்கின்றன. இந்தத் தொழிலில் நிலைக்க நினைக்கிறவர்கள் அந்த மையங்களின் பயிற்சி அறிவிப்புகளைக் கவனித்து வாருங்கள். அப்படிப் பிறந்த மீன் உலர் உணவு தின்னப் பழகியிருக்கும், அழுக்கும் குறையும், ஸ்கிம்மருக்கும் சுமை குறையும்.

கடைசியாக, எந்த மாடலையும் பரிந்துரைக்கும் முன்னால் கடைக்காரரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: இம்பெல்லர் தனியாகக் கிடைக்குமா? உதட்டைப் பிதுக்கினால், கருவி எவ்வளவு நன்றாக இருந்தாலும் விட்டுவிடுங்கள். கிடைக்கும் என்றால் அன்றே ஒன்றை வாங்கி, வாடிக்கையாளர் பெயர் எழுதி உங்கள் பையில் வையுங்கள். ஸ்கிம்மர் நிற்பது பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமை இரவில்தான், அந்த நேரத்தில் எந்தக் கடையும் திறந்திருக்காது.